குறி பார்க்க வேண்டியவர் யார்? கால்ஃப் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் கால்ஃப் விதிகளைப் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே அமைந்திருந்தன. பந்தை எந்தத் திசையில் அடிப்பது என்று குறி பார்ப்பதிலும், அந்தக் குறிக்கு ஏற்பக் காலையும் உடம்பையும் நிறுத்துவதிலும் ஆட்டக்காரர் யாருடைய உதவியை, எந்தப் பொருளின் உதவியை, எதுவரை பெறலாம் என்பதே அந்த விஷயம். ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுக்க அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: பல ஆண்டுகளாக ஒரே கேடியோடு (பையைத் தூக்கி வந்து யோசனை சொல்லும் உதவியாளரோடு) ஆடி வருகிறேன். நான் பந்துக்கு முன்னால் நின்றதும் அவர் எனக்கு நேர் பின்னால் வந்து நின்று, "சார், கொஞ்சம் ரைட்ல பாக்குறீங்க, லெஃப்ட்ல திரும்புங்க" என்று சொல்வார். அவர் "கரெக்ட்" என்ற பிறகுதான் அடிப்பேன். சென்ற மாதம் கிளப் போட்டியில் உடன் ஆடியவர், இதற்கு இரண்டு பெனால்டி ஸ்ட்ரோக் (தண்டனையாகக் கணக்கில் சேர்க்கும் அடிகள்) உண்டு என்றார். கேடி யோசனை சொல்லலாம் என்றுதானே விதி இருக்கிறது?
(ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: உடன் ஆடியவர் சொன்னது சரி. கேடி உங்களுக்கு யோசனை சொல்லலாம் என்பதும் சரி. இரண்டும் எப்படி ஒன்றாகப் பொருந்துகின்றன என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் நம் ஊர் கிளப்புகளில் கேடி இல்லாமல் ஆடுகிறவர்கள் குறைவு. இந்த விதியை அறியாமல் மீறுகிறவர்கள் மிக அதிகம்.

2019 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்புவரை, பந்தை அடிக்கும் அந்தக் கணத்தில் மட்டுமே கேடி பின்னால் இருக்கக்கூடாது. அதற்குச் சற்று முன்புவரை நின்று, தோளையும் காலையும் திருத்திவிட்டு விலகிக்கொள்ள அவருக்கு அனுமதி இருந்தது. தொழில்முறை ஆட்டத்தில், குறிப்பாகப் பெண்களுக்கான எல்.பி.ஜி.ஏ. போட்டிகளில், ஒவ்வொரு ஷாட்டுக்கும் கேடி இப்படிப் பின்னால் குனிந்து நின்று சரிபார்ப்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யு.எஸ்.ஜி.ஏ. ஆகிய இரு அமைப்புகளும் 2019இல் விதிப்புத்தகத்தை முழுவதுமாகத் திருத்தி எழுதியபோது இதற்கு முற்றுப்புள்ளி வைத்தன. இலக்கை நோக்கிக் காலையும் உடம்பையும் சரியாக நிறுத்துவது இந்த ஆட்டத்தின் அடிப்படைத் திறமைகளில் ஒன்று, அதை ஆட்டக்காரர் தாமே செய்ய வேண்டும் என்பது அவை சொன்ன காரணம். என் கருத்தும் அதுவே. பந்தின் வேகத்தையும் உயரத்தையும் நாம் பயிற்சியால் சம்பாதிக்கிறோம். திசையை மட்டும் இன்னொருவரின் கண்ணிலிருந்து வாங்கிக்கொள்வது நியாயமாகாது.

இப்போதைய விதி 10.2பி(4) சொல்வது இதுதான்: நீங்கள் ஸ்டான்ஸ் (பந்தை அடிக்கக் காலை ஊன்றி நிற்கும் நிலை) எடுக்கத் தொடங்கும் நேரத்திலிருந்து பந்தை அடித்து முடிக்கும்வரை, உங்கள் ஆட்டக்கோட்டை, அதாவது பந்து போக வேண்டிய கோட்டை, பந்துக்குப் பின்பக்கமாக நீட்டினால் வரும் இடத்திலோ அதற்கு அருகிலோ உங்கள் கேடி வேண்டுமென்றே நிற்கக்கூடாது. எந்தக் காரணத்துக்காக நிற்கிறார் என்பதை விதி பார்ப்பதில்லை. அவர் வாயே திறக்காவிட்டாலும், அந்த இடத்தில் தெரிந்தே நின்றிருந்தால் மீறல்தான். கவனிக்காமல் அங்கே நின்றிருந்தார் என்றால் பெனால்டி இல்லை. ஸ்டான்ஸ் எப்போது தொடங்குகிறது என்ற கேள்விக்கும் பதில் உண்டு: பொதுவாக, அந்த ஷாட்டுக்கு நிற்க வேண்டிய இடத்தில் ஒரு காலையாவது வைத்துவிட்டால் தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும்.

இந்த விதி நடைமுறைக்கு வந்த முதல் மாதத்திலேயே பெரிய சர்ச்சை எழுந்தது. துபாய் டெசர்ட் கிளாசிக் போட்டியின் கடைசி நாளில், சீன வீரர் லி ஹாவ்டாங் 18ஆவது குழியில் பட் செய்ய (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையான கிரீனில் பந்தை உருட்ட) தயாராகும்போது அவருடைய கேடி பின்னால் நின்றிருந்ததாகத் தீர்மானித்து இரண்டு ஸ்ட்ரோக் சேர்த்தார்கள். கூட்டாக மூன்றாம் இடத்தில் முடித்திருக்க வேண்டியவர் கூட்டாகப் பன்னிரண்டாம் இடத்துக்கு இறங்கினார். அடுத்த வாரம் அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் ஓபன் போட்டியில் டென்னி மெக்கார்த்திக்கும் இதே பெனால்டி விதிக்கப்பட்டு, பிறகு நீக்கப்பட்டது. அதையடுத்து 2019 பிப்ரவரியில் ஆர் அண்ட் ஏ, யு.எஸ்.ஜி.ஏ. இரண்டும் விளக்கம் வெளியிட்டன. கேடி பின்னால் இருக்கும்போது ஸ்டான்ஸ் எடுத்துவிட்டாலும், அடிப்பதற்கு முன் ஆட்டக்காரர் பந்தைவிட்டு விலகி, கேடி அந்த இடத்திலிருந்து நகர்ந்த பிறகு புதிதாக ஸ்டான்ஸ் எடுத்தால் பெனால்டி இல்லை. முதலில் கிரீனுக்கு மட்டும் இருந்த இந்தச் சலுகை, அதன் பிறகு மைதானம் முழுவதற்கும் பொருந்துவதாயிற்று.

ஆகவே உங்கள் கேடியை நீங்கள் இழக்க வேண்டியதில்லை. அவர் நிற்கும் நேரத்தை மாற்றினால் போதும். நீங்கள் இருவரும் பந்துக்குப் பின்னால் சேர்ந்து நின்று, எந்த மரத்தைப் பார்த்து அடிப்பது, காற்று எந்தப் பக்கம், பங்கரை (மணல் பள்ளத்தை) தவிர்க்க எவ்வளவு விலகுவது என்று எல்லாவற்றையும் பேசலாம். நீங்கள் காலை வைக்க நடக்கத் தொடங்கியதும் அவர் பக்கவாட்டில் போய்விட வேண்டும். மீறினால், மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு பெனால்டி ஸ்ட்ரோக். குழிக்குக் குழி வெற்றி தோல்வி பார்க்கும் மேட்ச் பிளேயில் அந்தக் குழியையே இழப்பீர்கள். தவறு கேடியுடையது என்றாலும் தண்டனை ஆட்டக்காரருக்குத்தான் என்பதை அவரிடம் மரியாதையாக ஒருமுறை விளக்கிவிடுங்கள். பழைய பழக்கத்தில் உதவ நினைத்து வந்து நிற்கிறவர்களே பலர். அவர்களைப் போட்டி நடுவில் கடிந்துகொள்வது சரியல்ல.

கேள்வி: பயிற்சி மைதானத்தில் தரையில் கம்பி வைத்து நேர் பார்க்கக் கற்றுக்கொண்டேன். ரவுண்டு ஆடும்போது கம்பிக்குப் பதிலாக ஒரு கிளப்பை (பந்தடிக்கும் மட்டையை) கால்விரல்களை ஒட்டித் தரையில் வைத்து, நேராக இருக்கிறதா என்று பார்த்து, அதை எடுத்துவிட்டுத்தான் அடிக்கிறேன். எடுத்துவிட்டதால் பிரச்சினை இல்லை அல்லவா?
(ஒரு வாசகி, சென்னை)

பதில்: பிரச்சினை உண்டு. இந்த இடத்தில் விதி மிகவும் கண்டிப்பானது. ஆட்டக்கோட்டைக் காட்டவோ, கால் வைக்கும் இடத்தைக் காட்டவோ எந்தப் பொருளையும் தரையில் வைக்கக்கூடாது என்கிறது விதி 10.2பி(3). வைத்துவிட்டால், அடிப்பதற்கு முன் எடுத்துவிட்டாலும் பெனால்டியிலிருந்து தப்ப முடியாது. முந்தைய பதிலில் சொன்ன "விலகி மீண்டும் நிற்கலாம்" என்ற சலுகை இதற்குக் கிடையாது. இதற்கும் இரண்டு ஸ்ட்ரோக். மேட்ச் பிளேயில் குழி போய்விடும்.

2023ஆம் ஆண்டின் விதிப்புத்தகம், வைப்பது என்றால் என்ன என்பதையும் வரையறுத்திருக்கிறது. பொருள் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், ஆட்டக்காரர் அதைத் தொடாமல் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அது வைப்பது. எனவே கிளப்பை இரு கைகளாலும் பிடித்துத் தொடைகளுக்குக் குறுக்கே வைத்தோ, தோள்களுக்கு நேராக நெஞ்சில் அணைத்தோ உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்கலாம். அதேபோல், பந்துக்குப் பின்னால் நின்றபடி கிளப்பின் தலையைப் பந்தின் பின்புறம் இலக்குக்குச் செங்குத்தாக ஊன்றி, அதைப் பிடித்துக்கொண்டே பக்கவாட்டில் நடந்து வந்து ஸ்டான்ஸ் எடுப்பதற்கும் அனுமதி உண்டு.

உங்கள் பயிற்சிக் கம்பிகளைப் பையிலேயே வைத்திருக்கலாம். அவை பையில் இருப்பது குற்றமில்லை. ரவுண்டு நடக்கும்போது அவற்றை வெளியே எடுத்துப் பயன்படுத்தினால், உபகரணங்கள் பற்றிய விதி 4.3 குறுக்கே வரும். முதல் மீறலுக்கு இரண்டு ஸ்ட்ரோக், அதே ரவுண்டில் இரண்டாவது மீறலுக்கு ஆட்டத்திலிருந்தே நீக்கம். கிளப்பில் மாட்டும் எடை வளையம் போன்ற பயிற்சிச் சாதனங்களுக்கும் இதுவே நியதி. 2010இல் ஜூலி இங்க்ஸ்டர் போன்ற புகழ்பெற்ற வீராங்கனையே, காத்திருந்த நேரத்தில் அப்படிப்பட்ட வளையத்தை மாட்டிக் கிளப்பைச் சுழற்றியதற்காகப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். அன்றைய விதியில் முதல் மீறலுக்கே நீக்கம் இருந்தது. இப்போது சற்றுத் தளர்ந்திருக்கிறது.

தரையில் எதையும் வைக்காமல் நேர் பார்க்க ஒரு வழி இருக்கிறது, அதற்கு எந்த விதியும் தடையில்லை. புகழ்பெற்ற அமெரிக்க வீரர் ஜாக் நிக்லஸ் தம் ஆட்டக் காலம் முழுவதும் பின்பற்றிய முறை இது. பந்துக்குப் பின்னால் நின்று இலக்கைப் பாருங்கள். அந்தக் கோட்டிலேயே பந்துக்கு மூன்று நான்கு அடி முன்னால் ஏற்கெனவே கிடக்கும் ஒரு காய்ந்த இலையையோ, முன்பு யாரோ அடித்ததில் புல் பெயர்ந்த டிவட் தழும்பையோ, நிறம் மாறிய புல்லையோ தேர்ந்தெடுங்கள். நூற்றைம்பது கஜத்துக்கு அப்பால் குழியில் நட்டுள்ள கொடியைவிட, காலடியில் உள்ள இலைக்கு நேராகக் கிளப்பின் முகத்தைத் திருப்புவது எளிது. கவனம் வேண்டிய ஒரே இடம், அந்த இலை தானாக அங்கே கிடக்க வேண்டும் என்பது. நீங்களே ஒரு குச்சியை எடுத்துக் கோட்டில் போட்டால், அது பொருளை வைத்த குற்றமாகிவிடும்.

கேள்வி: கொடிக்கு நேராகக் கால்களை நிறுத்தி, தோளையும் கொடிக்கே திருப்பி அடிக்கிறேன். ஆனாலும் பந்து ஒருநாள் வலப்பக்கம், ஒருநாள் இடப்பக்கம் போகிறது. நண்பர்கள் இன்னும் இடப்பக்கம் பார்த்து நில் என்கிறார்கள். எவ்வளவு இடப்பக்கம்?
(ஒரு வாசகர், பெங்களூரு)

பதில்: இது விதி பற்றிய கேள்வி அல்ல என்றாலும், விதி ஏன் இந்தத் திறமையை ஆட்டக்காரரிடமே விட்டுவைத்திருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது. ஆகவே நீண்ட பதிலாகவே எழுதுகிறேன். நீங்கள் வலக்கை ஆட்டக்காரர் என்று கொள்கிறேன். இடக்கை ஆட்டக்காரர்கள் பக்கங்களை மாற்றி வாசித்துக்கொள்ளலாம்.

இரண்டு கோடுகளை மனத்தில் வரையுங்கள். ஒன்று பந்திலிருந்து இலக்குக்குப் போவது. கிளப்பின் முகம் பார்க்க வேண்டியது இதைத்தான். மற்றொன்று உங்கள் கால்விரல்களை இணைப்பது. இடுப்பும் தோளும் இதோடு ஒத்திருக்க வேண்டும். இவை ரயில் தண்டவாளங்களைப் போல இணையாக ஓட வேண்டுமே தவிர, கொடியில் போய் ஒன்றுசேரக் கூடாது. பந்து இருக்கும் தண்டவாளம் கொடிக்குப் போகிறது; நீங்கள் நிற்கும் தண்டவாளம் கொடிக்கு இடப்பக்கமாகப் போகிறது.

எவ்வளவு இடப்பக்கம் என்று கேட்டீர்கள். உங்கள் கால்விரல்களுக்கும் பந்துக்கும் இடையில் உள்ள தூரம் எவ்வளவோ அவ்வளவுதான். அயர்ன் கிளப்புக்கு அது இரண்டு அடியை ஒட்டியும், மிக நீளமான கிளப்பான டிரைவருக்கு மூன்று அடியை ஒட்டியும் இருக்கும். கோடுகள் இணையானவை என்பதால், 150 கஜத்துக்கு அப்பாலும் இடைவெளி அதே இரண்டு மூன்று அடிதான். அதாவது ஒரு கஜத்துக்கு மேல் இல்லை. "இடப்பக்கம் பார்த்து நில்" என்ற அறிவுரையைக் கேட்டுப் பத்துப் பதினைந்து கஜம் இடப்பக்கம் திரும்பி நிற்கிறவர்களைப் பயிற்சி மைதானத்தில் பார்க்கிறேன். அவர்கள் ஒரு தவறுக்குப் பதில் இன்னொரு தவறை எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தச் சிறு வித்தியாசங்கள் எவ்வளவு பெரிதாகும் என்பதற்குக் கணக்கு எளிது. திசை ஒரு டிகிரி பிசகினால் 150 கஜத்தில் பந்து ஏறத்தாழ 2.6 கஜம் விலகும். நான்கு டிகிரி பிசகினால் பத்தரை கஜம் விலகும்; பல கிரீன்களின் பாதி அகலம் அவ்வளவுதான் இருக்கும். நான்கு டிகிரி என்பது நின்றுகொண்டிருப்பவரின் கண்ணுக்குத் தெரியவே தெரியாத அளவு. பந்து ஒருநாள் வலமும் ஒருநாள் இடமும் போவதற்கு இதுதான் வேர் என்று எனக்குத் தோன்றுகிறது. தோள் கொடிக்கே திரும்பியிருக்கும்போது, இடத்தோளுக்கு மேலாகக் கொடியைத் தேடிப் பார்க்கும் பழக்கத்தில் உடம்பு இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் போய்விடுகிறது. உடம்பு காட்டும் திசையிலேயே கிளப் வீசினால் பந்து வலப்பக்கம் போகும். இன்னொரு நாள், இலக்கு இடப்பக்கம் இருக்கிறது என்று மனம் உணர்ந்து, வீசும்போதே கையால் இழுத்துத் திருத்தப் பார்க்கும். அப்போது பந்து இடப்பக்கம் போகும். வீச்சில் குறை தேடிக்கொண்டிருக்கிறோம். குறை நிற்பதில் இருக்கிறது.

எனவே வரிசையை மாற்றுங்கள். முதலில் காலை வைத்துவிட்டுக் கிளப்பைச் சரிசெய்யாதீர்கள். பந்துக்குப் பின்னால் நின்று கோட்டையும் அருகிலுள்ள குறியையும் தேர்ந்துகொண்டு, கிளப்பின் முகத்தை அந்தக் குறிக்கு நேராக முதலில் ஊன்றுங்கள். பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, பந்தைத் தொடும் கணத்தில் அந்த முகம் பார்க்கும் திசைதான். பிறகு அந்த முகத்துக்குச் செங்குத்தாகக் காலை வையுங்கள். கடைசியில் இலக்கைப் பார்க்கும்போது தலையை நிமிர்த்தித் தூக்காமல், கன்னத்தைத் தோள்பக்கம் சுழற்றிப் பாருங்கள். தலையை நிமிர்த்தினால் தோள் திறந்துவிடும்.

ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியை அடிக்கும் டீ இடத்தில் ஒரு கண்ணி உண்டு. அங்கே வைத்திருக்கும் இரண்டு டீ மார்க்கர்களும் (அடையாளங்களும்) ஃபேர்வேயின் (டீக்கும் கிரீனுக்கும் இடையிலுள்ள வெட்டிய புல்வழியின்) நடுவுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. சில நாட்களில் அவை அருகிலுள்ள காட்டைப் பார்த்தே வைக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கு இணையாக நின்றால் நீங்களும் காட்டைத்தான் பார்ப்பீர்கள். மார்க்கரை, பந்தை எங்கே வைக்கலாம் என்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: பந்தில் நான் வரைந்துள்ள கோட்டை ஆட்டக்கோட்டோடு பொருத்தி வைக்கிறேன். இது முறையா? ஃபேர்வேயிலும் அப்படிச் செய்யலாமா?
(ஒரு வாசகர், கொழும்பு)

பதில்: பந்தில் கோடு வரைவதற்கும், அதைக் குறி பார்க்கப் பயன்படுத்துவதற்கும் முழு அனுமதி உண்டு. டைகர் வுட்ஸ் உட்படப் பலர் செய்வதுதான். டீயில் பந்து இன்னும் ஆட்டத்தில் இல்லை என்பதால் எப்படி வேண்டுமானாலும் திருப்பி வைக்கலாம். கிரீனில் பந்தின் இடத்தை மார்க்கரால் (நாணயம் போன்ற சிறு வில்லையால்) குறித்துவிட்டு எடுத்து, துடைத்து, கோடு இலக்கைப் பார்க்குமாறு திரும்ப வைக்கலாம். குறிக்காமல், கிடக்கும் இடத்திலேயே விரலால் பந்தைச் சுழற்றித் திருப்பினால் ஒரு பெனால்டி ஸ்ட்ரோக். மார்க்கரை எடுக்காமலே பட் செய்துவிட்டாலும் ஒரு ஸ்ட்ரோக். ஃபேர்வேயில் பந்தை எடுக்க விதி இடம் தராதவரை அதைத் தொட்டுத் திருப்புவதற்கும் இடமில்லை.

எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் முறை வந்து தடையின்றி ஆடக்கூடிய நிலையில் 40 விநாடிக்குள் ஸ்ட்ரோக்கை முடிக்க வேண்டும் என்று விதி பரிந்துரைக்கிறது. முப்பது அடி பட்டுக்கும் குனிந்து குனிந்து கோட்டைத் திருத்திக்கொண்டிருப்பது உடன் ஆடுகிறவர்களின் பொறுமையைச் சோதிக்கும். அந்தத் தூரத்தில் பந்தின் வேகமே முக்கியம். பத்து அடிக்குள் இருக்கும் பட்டுக்குக் கோடு உண்மையிலேயே உதவும். குழியின் விட்டம் 4.25 அங்குலம், பத்து அடியிலிருந்து ஒரு டிகிரி பிசகினால் பந்தின் நடு 2.1 அங்குலம் விலகி, குழியின் ஓரத்தில்தான் போய் நிற்கும். கொஞ்சம் வேகமாக வந்தால் விழாது.

கேள்வி: மலைப்பகுதியில் ஆடுகிறோம். கிரீன் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. பட் செய்யும் கிளப்பான பட்டரைத் தொங்கவிட்டுப் பார்ப்பது, தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைப்பது, செல்போன் மட்டக்கருவி, காலால் சாய்வை உணர்வது, இவற்றில் எதற்கு அனுமதி?
(ஒரு வாசகர், உதகமண்டலம்)

பதில்: பட்டரைக் கையில் தொங்கவிட்டு ஒரு கண்ணால் பார்ப்பதற்கு அனுமதி உண்டு. கயிற்றில் எடை கட்டித் தூக்குக் குண்டாகப் பயன்படுத்துவது, தண்ணீர் பாட்டிலைத் தரையில் வைத்து மட்டம் பார்ப்பது, செல்போனிலுள்ள மட்டக்கருவி ஆகிய மூன்றும் கூடாது. தூரம் அளக்கும் லேசர் கருவியைப் பயன்படுத்தலாம்; உயர வித்தியாசத்தை அளக்கும் ஸ்லோப் வசதியை ஆட்டத்தின்போது பயன்படுத்தக் கூடாது. கிரீன் வரைபடப் புத்தகம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதன் வரைபட அளவுகோல் 5 கஜத்துக்கு 3/8 அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

காலால் சாய்வை உணர்ந்து, அதற்கேற்ப விரல்களை உயர்த்திக் குறி பார்க்கும் எய்ம்பாயிண்ட் முறையைப் பல தொழில்முறை வீரர்கள் பின்பற்றுகிறார்கள். அதற்குத் தடையில்லை. கோட்டின் மேல் கால் படும்போது புல்லை அழுத்திச் சமன்செய்யாமல் இருந்தால் போதும். பட் செய்யும் கணத்தில் மட்டும் இரு கால்களும் கோட்டின் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். இந்தத் தடைக்குப் பின்னே குறி பார்ப்பது பற்றிய ஒரு வரலாறே இருக்கிறது. 1960களில் பட் செய்யத் தடுமாறிய அமெரிக்க வீரர் சாம் ஸ்னெட், கோட்டின் இருபுறமும் காலை வைத்து, குழியை நேராகப் பார்த்தபடி, கிரோக்கே (சுத்தியல் போன்ற மட்டையால் பந்தைத் தள்ளும் ஆட்டம்) ஆடுவதுபோலப் பந்தைத் தள்ளத் தொடங்கினார். இரு கண்ணும் கோட்டை நேராகப் பார்க்கும் அந்த நிலையில் குறி பார்ப்பது எளிதாயிற்று. 1968இல் விதி அதைத் தடைசெய்தது. ஸ்னெட் சோர்ந்துவிடவில்லை, இரு காலையும் கோட்டின் ஒரே பக்கத்தில் சேர்த்து வைத்து, குழியைப் பார்த்தபடியே பட் செய்யும் முறைக்கு மாறினார். அது விதிக்கு உட்பட்டது, இன்றும் உட்பட்டதே. விதி அனுமதிக்கும் எல்லைக்குள் தமக்கென்று ஒரு வழியை அமைத்துக்கொண்ட அவரது முயற்சியை நான் மிகவும் மதிக்கிறேன்.

கேள்வி: எங்கள் மைதானத்தில் ஒரு மேட்டுக்கு அப்பால் கொடி தெரியாது. கேடி மேட்டின் மேல் நின்று கை காட்டுகிறார். சில சமயம் அங்கே ஒரு துண்டை விரித்துவிட்டு வந்துவிடுகிறார். சரியா?
(ஒரு வாசகர், கொடைக்கானல்)

பதில்: பந்து கிரீனுக்கு வெளியே இருக்கும்போது, கேடியோ வேறு எவருமோ கோட்டில் நின்று திசை காட்டலாம், நீங்கள் அடிப்பதற்கு முன் விலகிவிட வேண்டும், அவ்வளவே. துண்டை விரிப்பது முன்பு, அடிப்பதற்குள் எடுத்துவிடுவதாக இருந்தால், அனுமதிக்கப்பட்டிருந்தது. இப்போதைய விதியில் கோட்டைக் காட்ட எந்தப் பொருளையும் வைக்க இடமில்லை. கேடி திசை காட்டும்போதே மேட்டின் விளிம்பில் உள்ள ஒரு புதரையோ, மேட்டுக்குப் பின்னால் தலை தெரியும் மரத்தையோ மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

பந்து கிரீனில் இருக்கும்போது நிலைமை வேறு. அங்கே நீங்களும் உங்கள் கேடியும், கூட்டாளி இருந்தால் அவரும் அவர் கேடியும் மட்டுமே கோட்டைக் காட்டலாம். கையாலோ, காலாலோ, கையில் பிடித்துள்ள கொடிக்கம்பத்தாலோ கிரீனைத் தொட்டுக் காட்டலாம்.

கேள்வி: என் மகளுக்குப் பதினொரு வயது. முதல் ஜூனியர் போட்டியில் ஆடப்போகிறாள். அவள் அப்பாதான் கேடி. இதுவரை ஒவ்வொரு ஷாட்டுக்கும் அவர்தான் பின்னால் நின்று நேராக நிற்கவைக்கிறார். போட்டியில் என்ன செய்வாள் என்று கவலையாக இருக்கிறது.
(ஒரு வாசகி, சிங்கப்பூர்)

பதில்: உங்கள் கவலை புரிகிறது, அது நியாயமானதும்கூட. முதலில் போட்டியின் நிபந்தனைகளைப் பாருங்கள். கேடியே கூடாது என்றோ, பெற்றோர் கேடியாக வரக்கூடாது என்றோ கட்டுப்பாடு விதிக்கப் போட்டிக் குழுவுக்கு உரிமை உண்டு. ஜூனியர் போட்டிகளில் அப்படி இருப்பது அரிதல்ல.

அனுமதி இருந்தாலும், இன்றிலிருந்தே அப்பா நிற்கும் இடத்தை மாற்றச் சொல்லுங்கள். பயிற்சி மைதானத்தில் தரையில் இரண்டு கம்பிகளை இணையாக வைத்து அவள் அடிக்கட்டும். ஐந்து பந்துக்கு ஒருமுறை கம்பிகளை எடுத்துவிட்டு, அவளே பந்துக்குப் பின்னால் நின்று, அருகில் ஒரு குறியைத் தேர்ந்து, கிளப் முகத்தை முதலில் ஊன்றி, பிறகு காலை வைக்கட்டும். அவள் நின்ற பிறகு, அடிக்காமல் அப்படியே இருக்கச் சொல்லிவிட்டு, அவள் காலை ஒட்டிக் கம்பியை வைத்து, பின்னால் வந்து அவளையே பார்க்கச் சொல்லுங்கள். எங்கே பிசகியது என்று அப்பா சொல்ல வேண்டாம், அவளே சொல்லட்டும். குழந்தைகள் இதை வியக்கத்தக்க வேகத்தில் கற்றுக்கொள்கிறார்கள்.

போட்டி நாளில் அப்பாவும் மகளும் பந்துக்குப் பின்னால் நின்று இலக்கைப் பேசிக்கொள்ளலாம். அவள் முதல் காலடியை எடுத்து வைக்கும்போது அவர் பையைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில், அவள் முகத்துக்கு எதிர்ப்புறம் போய் நிற்கட்டும். மறந்துபோய்ப் பின்னாலேயே நின்றுவிட்டால், அடிப்பதற்கு முன் பந்தைவிட்டு விலகி, "அப்பா, நகருங்க" என்று சொல்லிவிட்டு மீண்டும் முதலிலிருந்து நிற்க அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அப்படி விலகினால் பெனால்டி இல்லை என்பதை அவள் முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தால், போட்டி நடுவில் பதற்றப்பட மாட்டாள். பயிற்சிக்குப் பயன்படுத்திய கம்பிகளை அன்று காரிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. பையில் இருக்கலாம் என்றாலும், பழக்கத்தில் முதல் டீயிலேயே கை அவற்றைத் தேடிப் போகும்.